சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் காசு அனுப்ப எது லாபம்?

கேள்வி, 2024 மார்ச் 2
அண்ணே, நான் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. துவாஸ் பக்கம் டார்மெட்டரி. மாதம் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீட்டுக்கு அனுப்புகிறேன். லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் ஒரு கடையில் ‘சர்வீஸ் சார்ஜ் கிடையாது’ என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் போனில் ஆப் வழியாக அனுப்புகிறார்கள், அதில் ஒவ்வொரு தடவையும் 6 வெள்ளி பிடிக்கிறது. சார்ஜ் இல்லாத கடைதானே லாபம்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

2024 மார்ச் 3, ஞாயிறு
இருக்கிறது தம்பி. சார்ஜே வாங்காத கடைக்காரர் தேக்காவில் கடை வாடகையை எங்கிருந்து கட்டுகிறார்?

ரேட்டில் எடுக்கிறார். சந்தையில் ஒரு வெள்ளி 62 ரூபாய் என்று வைத்துக்கொள், கணக்குக்காக முழு எண்ணாகச் சொல்கிறேன். சார்ஜ் இல்லாத கடை 61.30 தருகிறது. ஆயிரம் வெள்ளி கொடுத்தால் வீட்டில் 61,300 ரூபாய் விழும். ஆப்பில் 6 வெள்ளி போக மீதி 994-ஐ 61.95-க்கு மாற்றினால் 61,578. ‘இலவச’க் கடையில் உனக்கு 278 ரூபாய் போய்விட்டது, அதற்கு ரசீதும் கிடையாது.

அதனால் சார்ஜ் எவ்வளவு என்று கேட்காதே, ரேட் எவ்வளவு என்றும் கேட்காதே. “இந்தா, இவ்வளவு வெள்ளி. ஊரில் எத்தனை ரூபாய் விழும்?” என்று மட்டும் கேள். மூன்று இடத்தில் கேட்டுக் குறித்துக்கொண்டு வா.

2024 மார்ச் 4
நேற்று எழுதியதில் ஓட்டை. ஒருவர் அதே எண்களை வைத்துக்கொண்டு 300 வெள்ளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கடையில் 18,390. ஆப்பில் 294-ஐ மாற்றினால் 18,213. கடைதான் 177 ரூபாய் லாபம்!

சரிதான். 6 வெள்ளி என்பது எவ்வளவு அனுப்பினாலும் அதே 6 வெள்ளி. ரேட்டில் எடுப்பது தொகையோடு சேர்ந்து வளரும். இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 572 வெள்ளி. அதற்குக் கீழே கடை, மேலே ஆப். உன் 700-க்கு வித்தியாசம் வெறும் 83 ரூபாய். ஒரு டீ, ஒரு வடைக்காக உன்னைப் போட்டுக் குழப்பிவிட்டேன். எண்கள் தினமும் மாறும், ஆனால் நீயே கணக்குப் போடும் விதம் இதுதான்.

இரண்டு மாதக் காசைச் சேர்த்து 1,400 ஆக அனுப்பினால் சார்ஜ் ஒரு தடவைதானே என்று கேட்கிறார் இன்னொருவர். சரி, ஆனால் வீட்டில் இரண்டு மாதம் யார் காத்திருப்பது?

2024 மார்ச் 10, ஞாயிறு
தேக்காவிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். வரிசை கடை வாசலைத் தாண்டி நடைபாதை வரை நின்றது.

நம்மில் பாதிப் பேருக்கு லீவு ஞாயிறு மட்டும். ஆனால் அந்நியச் செலாவணிச் சந்தை சனி, ஞாயிறு மூடியிருக்கும். திங்கள் காலையில் ரூபாய் எங்கே நிற்குமோ என்று யாருக்கும் தெரியாது. அதனால் பல இடங்களில் வெள்ளிக்கிழமை ரேட்டில் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்வார்கள். கடைக்காரர் மேல் தப்பு சொல்ல முடியாது, அவருக்கும் பயம் இருக்கும். கையில் போன் இருக்கிறவர்கள் செவ்வாய், புதன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குச் சாப்பிட மட்டும் போகலாம்.

2024 மார்ச் 11
“பேங்கிலிருந்து நேராக பேங்குக்கு அனுப்பினால்தானே பாதுகாப்பு?” என்று ஒருவர். நானும் 2010-இல் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது என் சம்பளம் போடும் வங்கியில் போய், படிவம் நிரப்பி, ஸ்விஃப்ட் என்கிற, வங்கிகளுக்கு இடையிலான வலை வழியாக 1,000 வெள்ளி அனுப்பினேன். என்னிடம் முதலிலேயே கட்டணம் எடுத்தார்கள். நடுவில் ஒரு வங்கி, என் வங்கிக்கும் அம்மா வங்கிக்கும் தரகர் மாதிரி, அதுவும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. கடைசியில் ஊர் வங்கி ரூபாயாக மாற்றும்போது தன் ரேட்டைப் போட்டது. எத்தனை விழும் என்று கவுன்டரில் இருந்த பெண்ணுக்கே தெரியவில்லை. படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும்: அனுப்புபவரா, பெறுபவரா, பாதிப் பாதியா என்று. நான் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வெள்ளியாகவே போய் இந்தியாவில் ரூபாயாக மாறினால், மாற்றும் சேவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. தொகை முழுவதற்கும் 18 சதவீதம் என்று பயப்பட வேண்டாம். ஒரு லட்ச ரூபாய் வரை, தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பு என்று வைத்து (குறைந்தது 250 ரூபாய்), அதன் மேல்தான் 18 சதவீதம். 60,000 ரூபாய்க்கு 108 ரூபாய். வீடு வாங்குவது போல் பெரிய தொகைக்கு, எழுத்தில் சான்று வேண்டும் என்றால் இந்த வங்கி வழி நல்லது. மாதச் செலவுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

2024 மார்ச் 24, ஞாயிறு
பெயர் விஷயம். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக வந்து ஒட்டிக்கொள்ளும். பர்மிட் அட்டையில் முன்பின்னாக இருக்கும். ஊர் பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

எங்கள் அம்மா செல்லம்மாள். ஆதாரில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் செல்லம்மாள். பாஸ்புக்கில் ‘சி, எச்’ போட்ட செல்லம்மாள். நான் ஆதாரைப் பார்த்து எழுதினேன். காசு போனது, ஒன்பது நாள் எங்கேயோ சுற்றியது, திரும்பி வந்தது. திரும்பும்போது ரேட் வேறு, கட்டணமும் போச்சு. நடுவில் அம்மா தினமும் வங்கிக்குப் போய் வந்தாள். “உன் பிள்ளை அனுப்பினானா இல்லையா?” என்று பக்கத்து வீட்டில் கேட்டதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் இருக்கிறபடியே, ஒரு எழுத்து மாறாமல், பெயரை எழுதுங்கள். அழகு பார்க்க வேண்டாம்.

2024 மார்ச் 25
ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் அந்தப் போட்டோவிலிருந்தே எடுக்கலாம் என்று எழுத வந்தேன், நல்ல வேளை நிறுத்திக்கொண்டேன். பழைய பாஸ்புக் என்றால் வேண்டாம். 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காகச் சேர்ந்தன, அதற்கு முன்னும் பின்னும் சில சேர்ந்தன. எண்கள் மாறின, பாஸ்புக் அட்டை மட்டும் பீரோவில் அப்படியே இருக்கிறது.

மொத்தம் 11 இடம். முதல் நான்கு எழுத்து வங்கி. ஐந்தாவது எப்போதும் சுழியம். அதை ‘ஓ’ என்று அடித்துவிட்டு “ஏற்க மாட்டேன் என்கிறது” என்று இரவு பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்தவர்கள் மூன்று பேர். மீதி ஆறு கிளை.

கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் இதைவிட மோசம். ஊருக்குள் வங்கிக்கு வங்கி போகும் கடைசிப் பயணத்தில் பல சமயம் பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தே வரவு வைப்பார்கள். புதுக் கணக்கு என்றால் முதலில் பத்து வெள்ளி அனுப்பிப் பார். பத்து வெள்ளி அனுப்ப ஆறு வெள்ளி சார்ஜா என்று முறைக்காதே, இதற்குத்தான் சார்ஜ் இல்லாத கடை.

2024 ஏப்ரல் 14
புத்தாண்டு வாழ்த்து. 

உண்டியல் (வங்கி, உரிமம் எதுவும் இல்லாமல் கைக்குக் கை காசு அனுப்பும் வழி) பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். தனியாக ஏன், இங்கேயே சொல்கிறேன்.

நானும் அனுப்பியிருக்கிறேன். ரூமுக்கே ஆள் வருவார், காசை வாங்கிக்கொள்வார், துண்டுச் சீட்டில் போன் நம்பரைக் குறிப்பார். மறுநாள் சாயங்காலம் ஊரில் டி.வி.எஸ். 50-இல் ஒருவர் வீட்டு வாசலில் இறங்கி, ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டை அம்மா கையில் கொடுத்து, எண்ணிப் பார்க்கச் சொல்லி, “வந்தாச்சுன்னு தம்பிகிட்ட சொல்லிடுங்க” என்று போய்விடுவார். கடையைவிட ஐம்பது காசு கூடுதல் ரேட். அம்மாவுக்கு வங்கிக்குப் பஸ் ஏற வேண்டாம். உண்மையைச் சொன்னால், சேவை என்று பார்த்தால் அதற்கு ஈடு இல்லை.

2016 நவம்பர் 7 சாயங்காலம் அப்படி 40,000 ரூபாய் வந்தது. எண்பது ஐந்நூறு ரூபாய்த் தாள்.

மறுநாள் இரவு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

2024 ஏப்ரல் 15
“பிறகு என்ன ஆச்சு?” என்று ஏழு பேர். செல்லாமல் போன தாளைக் கவுன்டரில் மாற்றித் தர முதலில் ஆளுக்கு 4,000-தான் வரம்பு. அம்மா மீதியைத் தன் கணக்கில் கட்டினாள். வரிசையில் இரண்டு நாள். “எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டபோது “மகன் அனுப்பினான்” என்று உண்மையைத்தான் சொன்னாள். “எப்படி அனுப்பினான்?” என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் இல்லை. அந்தக் காசு கடைசியில் நம்முடையதாகவே தப்பித்தது, ஆனால் அன்றோடு விட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2000 ஜூன் முதல் நடப்பில் உள்ள ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி, மாட்டினால் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். இங்கேயும் உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது குற்றம். இதையெல்லாம் விடக் கிட்டத்தில் இருக்கிற தொல்லை வேறு: நாளைக்கு மனை வாங்கும்போது காசு வந்த வழிக்குக் காகிதம் கேட்பார்கள். பத்து வருடம் வெயிலில் நின்று சம்பாதித்த காசுக்குக் கணக்குக் காட்ட முடியாமல் நிற்பது போல் எரிச்சல் கிடையாது.

சொல் மட்டும் பாவம், பழைய காலத்து மரியாதையான சொல். மலாயாவில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைக் காலத்தில் உண்டியல் என்பது ஒழுங்கான எழுத்துப் பத்திரம். கோயில் உண்டியல், கள்ள உண்டியல் என்று இப்போது இரண்டு துருவத்தில் நிற்கிறது.

2024 ஜூன் 2
சிங்கப்பூரின் பே-நவ் (போன் எண்ணுக்கே காசு அனுப்பும் வசதி), இந்தியாவின் யு.பி.ஐ. இரண்டுக்கும் இணைப்பு. 2023 பிப்ரவரி 21-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் முன்னிலையில் தொடங்கினார்கள். போன் எண்ணோ யு.பி.ஐ. முகவரியோ இருந்தால் போதும், அந்த நிமிடமே போய்ச் சேரும். தொடங்கிய வருடத்தில் வரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் வெள்ளி, இந்தியாவிலிருந்து என்றால் 60,000 ரூபாய். எல்லா வங்கியும் இதில் இல்லை, உங்கள் வங்கியும் ஊர் வங்கியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தங்கைக்கு அவசரமாக ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதில்தான் அனுப்பினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அனுப்பி, பஸ் வருவதற்குள் “வந்துவிட்டது” என்று பதில். 2010-இல் ஒன்பது நாள் காத்திருந்தவனுக்கு அது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

(ஒன்பது நாள் கதை 2010 இல்லை, 2012. தேதியைக் குழப்பிவிட்டேன்.)

2024 செப்டம்பர் 8
யார் கணக்கில் போடுவது?

வீட்டுச் செலவுக்கு அம்மா கணக்கு, அதில் குழப்பம் இல்லை. அனுப்பும்போது காரணம் கேட்டால் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று தேர்ந்தெடுங்கள். ரிசர்வ் வங்கிக் குறியீடு பி 1301. அம்மாவுக்கு மகன் கொடுப்பது எவ்வளவானாலும் அவளுக்கு அது வருமானம் ஆகாது. நண்பருக்கு அனுப்பினால்தான் வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டும்போது வரி.

சேமிப்புக்கு, உங்கள் பெயரில் என்.ஆர்.இ. (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான) கணக்கு. வெளிநாட்டில் சம்பாதித்த காசுக்கு அது, வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொண்டு வரலாம். ஊரில் வரும் வாடகை, குத்தகைக் காசுக்கு என்.ஆர்.ஓ., அதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள்.

வேலைக்கென்று விமானம் ஏறியபின் ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. ஆக மாற்ற வேண்டும். நான் ஆறு வருடம் மாற்றவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. மாற்றப் போனபோது மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

அல்லது பேசாமல் மனைவி பெயரில் வைப்புநிதி போட்டுவிட்டால் தலைவலியே இல்லை.

2024 செப்டம்பர் 10
கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். தலைவலி அங்கேதான்.

மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை, உண்மை. ஆனால் அந்தப் பணத்தை அவர் வைப்புநிதியில் போட்டு வட்டி வந்தால், அந்த வட்டியைக் கணவன் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். அதாவது, என் பெயரில் என்.ஆர்.இ.-யில் போட்டிருந்தால் வரியே இல்லாத வட்டியை, மனைவி பெயருக்கு மாற்றி வரிக்குரியதாக ஆக்கிக்கொள்கிறேன். சின்னத் தொகை என்றால் வரி விலக்கு வரம்புக்குள் அடங்கிவிடும், கவலை வேண்டாம். பத்து லட்சம், இருபது லட்சம் சேரும்போது யோசிக்க வேண்டும். அம்மா பெயரில் போட்டால் இந்தச் சேர்ப்பு இல்லை, வட்டி அம்மாவுடைய வருமானம்.

“அப்போ மனைவிக்கு ஒன்றும் வேண்டாமா?” என்று என் மனைவியே கேட்டாள். என்.ஆர்.இ. கணக்கில் அவளை இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம், என் காலத்துக்குப் பிறகு அவளுக்கு என்ற முறையில். அதுவரை ஊரில் எடுத்துச் செலவு செய்ய அவளுக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். கொடுத்துவிட்டேன். வீட்டில் அமைதி.

2025 ஜனவரி 19
ஓ.டி.பி. வராத கூட்டத்துக்கு: ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணே போய்விடும். குறைந்த பிளானாவது போட்டு வையுங்கள். 2023 ஜனவரியில், யு.பி.ஐ.-யை நடத்தும் என்.பி.சி.ஐ. விட்ட அறிவிப்பு வந்தபின், என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குக்காரர்கள் சிங்கப்பூர் போன் எண்ணையே யு.பி.ஐ.-க்குப் பதியலாம், உங்கள் வங்கி அந்த வசதியைத் திறந்துவிட்டிருந்தால்.

2025 மார்ச் 23
ரிசர்வ் வங்கி இந்த மாத இதழில் ஒரு கணக்கெடுப்பு போட்டிருக்கிறது. 2023-24-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குத் தனிநபர்கள் அனுப்பியது 118.7 பில்லியன் அமெரிக்க டாலர். அமெரிக்காவிலிருந்து 27.7 சதவீதம், அமீரகத்திலிருந்து 19.2, நம் சிங்கப்பூரிலிருந்து 6.6. தமிழ்நாட்டுக்குப் போனது 10.4 சதவீதம்.

படித்துவிட்டு ரூமில் சொன்னேன். “அதில் என் 700 வெள்ளியும் இருக்கிறதா?” என்றான் ஒருவன். இருக்கிறது. உண்டியலில் போட்டவனுடையதுதான் இல்லை.

2025 டிசம்பர் 7
டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது, வெள்ளி 69 பக்கம். “இன்னும் ஏறும், பிடித்து வைக்கலாமா?” என்று கேள்வி மேல் கேள்வி.

என் கதை. 2013 ஆகஸ்ட் கடைசியில் ரூபாய் சரிந்து வெள்ளி 53-ஐத் தாண்டியது. கையில் 2,000 வெள்ளி வைத்திருந்தேன். 55 ஆகட்டும் என்று உட்கார்ந்தேன். அக்டோபரில் 50 பக்கம் வந்து நின்றது. ஏழாயிரம் ரூபாய்க்குப் பக்கம் போச்சு. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வேலைக்கு வர ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் ஊரில் மூணு வட்டியில் ஒரு லட்சம் நின்றது. இரண்டு மாத வட்டி ஆறாயிரம். ரேட்டுக்காகக் காத்திருந்த காசு, கடனுக்குப் போயிருந்தால் அதுவாவது மிஞ்சியிருக்கும்.

கடன் இருக்கிறவர்கள் ரேட் பார்க்க வேண்டாம், சம்பளம் வந்த அன்றே அனுப்புங்கள். கடன் இல்லாதவர்கள் பாதி அனுப்பிவிட்டுப் பாதி வைத்து வேடிக்கை பாருங்கள். நான் அதைத்தான் செய்கிறேன், இன்னும் ஒரு தடவைகூட உச்சியில் அனுப்பியது கிடையாது.

2026 ஜனவரி 2
அமெரிக்காவில் நேற்று முதல் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி. அங்கே இருக்கிற மைத்துனன் பதறிப் போன் செய்தான். ரொக்கம், மணி ஆர்டர், காசாளர் காசோலை கொடுத்து அனுப்பினால்தான். வங்கிக் கணக்கிலிருந்தோ அங்கத்திய டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ போனால் இல்லை. முதலில் 5 சதவீதம் என்று பேசினார்கள், பிறகு 3.5, கடைசியில் இது. நமக்கு இங்கே சம்பந்தமில்லை.

2026 ஜனவரி 11, ஞாயிறு
முதல் கேள்வி கேட்ட தம்பி இன்று தேக்காவில் எதிரே வந்து நின்றான். இரண்டு வருடத்தில் எஸ்-பாஸ் (பர்மிட்டுக்கு அடுத்த படி வேலை அனுமதி) ஆகிவிட்டான். மாதம் 1,200 அனுப்புகிறானாம், ஆப்பில்தான். “நீங்க எங்கேண்ணே இந்தப் பக்கம்?” என்றான்.

அதே சார்ஜ் இல்லாத கடை வரிசையில் நின்றிருந்தேன். அம்மாவுக்குக் கைச்செலவுக்கு மாதம் 250 வெள்ளி தனியாக அனுப்புகிறேன். 572-க்குக் கீழே. கடைக்காரருக்கு அம்மாவின் கணக்கு எண், ‘சி, எச்’ போட்ட செல்லம்மாள், எல்லாம் மனப்பாடம். ரசீதை அடித்துக் கொடுத்துக்கொண்டே “அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?” என்றார். தம்பி சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். 83 ரூபாய்க் கடன் தீர்ந்தது என்றான்.